கடல்மேல் கோயிலில் ஒரு நேர்த்தி

மொன்றியலில் சாமி கும்பிடுவதற்கும் தீயணைப்புப் படைக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் கற்பூரம் கொளுத்தினால் கூரையில் இருக்கும் புகைக்கருவி அலறும். பக்கத்து வீட்டு மனுசி ஓடிவந்து, ஒன்றுமில்லையே என்று பிரெஞ்சில் "சா வா?" என முகம் வெளிறிக் கேட்பாள். "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்துச் சமாளிப்பேன். அதனால் பல வருடங்களாக எங்கள் சாமிக்கு மின்விளக்குத்தான்.

போன மாரியில் இவருக்கு, அதாவது என் கணவருக்கு, நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்று நேர்ந்துகொண்டேன்: இவரைத் திருப்பித் தந்தால் கடலோரக் கோயிலில் கற்பூரம் கொளுத்துவேன். மனதில் இருந்தது நாங்கள் பிறந்த ஊர் அம்மன். ஆனால் இவர் தேறியதும் மகள் டிக்கெட் அனுப்பியது ஜப்பானுக்கு. அவளுக்கு அங்கே வேலை. எந்தக் கடலென்று நான் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மகள் வேலைக்குப் போன ஒருநாள் நாங்கள் இருவரும் படகேறி ஒரு தீவுக் கோயிலுக்குப் போனோம். பல நூறு வருடப் பழைய கோயில். அலை தூண்களை நனைக்கிறது. முன்னே கடலுக்குள் சிவப்பு வாசல், பின்னே பச்சை மலை. கண் நிறைந்துவிட்டது. பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து வைத்து நெருப்புக்குச்சியை உரசப்போனேன். முழுக்க மரத்தாலான கோயில் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.

காவலர் ஓடிவந்து தன் கைகளைக் குறுக்காகப் பிடித்து, கூடாது என்று காட்டினார். நேர்த்தி தவறினால் இவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். மொழியும் தெரியாது. இவரின் நெஞ்சைத் தொட்டு, கீறுவதுபோலக் காட்டிக் கும்பிட்டேன். காவலர் பதறிப்போய் யாரையோ கூப்பிட்டார். அடுத்த நிமிடம் இவர் சக்கர நாற்காலியில்!

"நான் நல்லாத்தான் இருக்கிறன் எண்டு அவரிட்டைச் சொல்லுமன்!"

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ. அந்தக் காவல் மனுசன் நெருப்பை மறந்திட்டுது," என்றேன்.

காற்றுப் படும் இடமாகப் பார்த்து, நாடக மேடைக்குப் பக்கத்தில் எங்களை விட்டார்கள். தண்ணீர்மேல் மேடை. முகமூடி போட்ட ஒருவர் 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடகம் ஆடிக்கொண்டிருந்தார். ஓர் அடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம். மேடை பார்த்தது கோயிலை. ஆட்டம் சாமிக்கு, சனம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஊர்க் கூத்தையே பாதியில் விட்டு எழும்புகிற இவர் அன்று அசையவில்லை. நான் ஆட்டத்தை விட இவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்தேன். நன்றியில் அழுகை வந்தது.

வெளியே சனம் சிறு மரப்பலகைகளில் வேண்டுதல் எழுதிக் கட்டிக்கொண்டிருந்தது. காவலர் எனக்கும் ஒன்றை நீட்டினார். கற்பூரத்துக்குப் பதில் இது என்று மனம் ஆறியது. அர்ச்சனைக்குச் சொல்வதுபோல இவரின் பெயர், நட்சத்திரம், ஊரின் பெயர் எல்லாவற்றையும் பெரிதாக எழுதினேன்.

"என்ரை உயிரைக் காப்பாத்தினது மொன்றியலல்லோ? அதையும் எழுதும்," என்றார் இவர்.

சரிதான். வெட்டித் தைத்தவர்களும், கையைப் பிடித்து நடத்திய தாதியும் அங்கேதான். ஆனால் விளிம்பில்தான் இடம் மிச்சம். எழுத்தைச் சிறிதாக்கி நெருக்கி எழுதினேன். காவலர் பதறப் பதற, இவர் நாற்காலியை விட்டு எழும்பி நடந்துபோய், ஊர் நடுவிலும் மொன்றியல் விளிம்பிலுமாக இருந்த அந்தப் பலகையைத் தன் கையாலேயே கட்டினார்.