ஒற்றைக் கோடு சிக்னலில் தேறிய சர்வர்

வாடகைக்கு எடுத்த சர்வரில் விண்டோஸ் போடுவதா, டெபியன் லினக்ஸ் போடுவதா என்று ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஏலக்காய் விலை சொல்லும் என் தளத்தை இரண்டிலும் சோதனைக்கு ஏற்றியிருந்தேன்.

இன்று போடிமெட்டு போகும் ஜீப்பில், ஒற்றைக் கோடு சிக்னலில், போனிலிருந்தே விலையை மாற்றிப் பார்த்தேன்.

விண்டோஸ் திரை பாதி வந்து நின்றுவிட்டது.

டெபியனில் ஒரே ஒரு வரி தட்டினேன். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் புது விலை ஏறிவிட்டது.

பக்கத்தில் இருந்த எஸ்டேட் அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, படமே இல்லாம வெறும் எழுத்தா இருக்கு?"

"ஒரு வரி எழுதுனாப் போதும்க்கா, சொன்னபடி கேக்கும்."

"ஒத்த வரிக்கா? இத எங்க வீட்டுக்காரருக்கு ஏத்த முடியுமா?"

எனக்கு டெபியன் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு ஏற்றிப் பார்த்தவர்கள் அக்காவுக்குப் பதில் சொல்லுங்கள்.