குறுக்கே வந்தது அவரல்ல

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டேன். சீசன் தொடங்கிய வாரம் அது. சாரலில் சாலை நனைந்து கிடந்தது. சாலையோரம் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிறவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கூடையோடு ஓரமாகத்தான் நின்றிருந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும்.

ஒரு காவலர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க சார்" என்றேன்.

உண்மையில் கைப்பைக்குள் செல்போன் அடித்தது. யாரென்று பார்க்கக் குனிந்தேன். இருபது வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். சபையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவளும் நான்தான். ஆனால் அந்த வார்த்தை யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்கத் தைரியம் இல்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அந்த அம்மா கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதோடு முடிந்தது, இனி அதையே நினைத்துக்கொண்டிருக்காதே என்றார் என் கணவர். அவருக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திருத்திய விடைத்தாள்களையே மறுபடி திருத்தினேன். அடுக்கி வைத்த பீரோவைக் கலைத்து அடுக்கினேன். ஸ்கூட்டரைத் தொடாமல் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். பஸ்ஸிலும் இருப்புக் கொள்ளாமல் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஜெபிக்கக் கண்ணை மூடினால் சாலையில் பழங்கள் உருண்டன. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும் இடத்தில் என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆனாலும் தினமும் விடாமல் ஒன்றைக் கேட்டேன்: ஆண்டவரே, எனக்குச் சமாதானம் தாரும்.

ஆகஸ்டில் போதகரின் மனைவி வீட்டுக்கு வந்தார். என் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொன்னேன். என்ன காரியம் என்று கேட்டார். அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இதை வேறு யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"ஆண்டவர்ட்ட சொல்லிட்டேன் அக்கா" என்றேன்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும்லா. போய்ச் சொல்ல வேண்டியது அந்தம்மாட்டல்லா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. வாசல் வரை போய் வழியனுப்பக்கூட இல்லை. அடுத்த நான்கு நாட்களும் சாயங்காலம் அந்த அம்மாவின் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள் கதவைத் தட்டினேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் சின்ன வீடு. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகன் சவுதியில் வேலை பார்க்கிறான். உதவிக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வந்து போகிறார். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே, குறுக்கே வந்தது நீங்கள் அல்ல, நான்தான் போனைப் பார்க்கக் குனிந்தேன் என்று சொல்லி முடித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

"நீங்க குனிஞ்சத நான் பாத்தேன் டீச்சர்" என்றார் அவர்.

தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன். யாரு நம்புதா? டீச்சர் சொன்னதத்தான் எல்லாரும் நம்புனாங்க. எம் மவன் தெனமும் போன்ல ஏசுதான். ரோட்டப் பாக்காம ஏன் குறுக்க போன, இனிமே ஏவாரத்துக்கே போகாதங்கான்." குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிவந்திருந்தது. "எங்கிட்ட சொன்னது இருக்கட்டும். அவன்ட்ட சொல்லுங்க."

அங்கேயே வீடியோ அழைப்பு போட்டு போனை என் கையில் கொடுத்தார். திரையில் முப்பது வயதுக்காரன் ஒருவன், பின்னால் ஏதோ கட்டட வேலையின் இரைச்சல். சொன்னேன். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது, இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு அவன் என்னைத் திட்டினான். படித்தவர்கள் இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறீர்கள் என்றான். கடைசியில் போனை உம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மகன் பேசப் பேசக் கண்ணைத் துடைத்தார்.

அன்றே கணவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. குற்றாலத்துக்குப் போய் அந்தக் காவலரிடமும் சொன்னேன். கேஸே இல்லாதபோது என்னம்மா எழுத, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையில் என் குரல் எனக்கே கேட்டது, கரகரத்து, மற்றவர்களைவிடச் சற்றுப் பிந்தி. மனம் குளிர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சாலைக்கு இன்றும் நான் ஸ்கூட்டரை எடுப்பதில்லை. ஆனால் அன்று மதியம், இரண்டு மாதத்துக்குப் பிறகு, சாப்பிட்டுவிட்டு அயர்ந்து தூங்கினேன்.

இப்போதும் வாரம் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கம்பு ஊன்றி நடக்கிறார். அடுத்த சீசனுக்குக் கடை போடுவேன் என்கிறார், மகனும் சரி என்றுவிட்டானாம். போன வாரம் நான் இருக்கும்போதே பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காலை மடக்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். நான் அடுப்படி வாசலில் காத்திருந்தேன். அப்போது நானும் ஜெபித்தேன். அவருடைய காலுக்காக, அந்த மகனுக்காக. எனக்கென்று எதையும் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தெரிந்தது.