ராகலைக்குப் போகிறவர்கள் அந்த எலும்பைப் பாருங்கள்

போன தீபாவளிக்குத் திருச்சிக்கு வந்த என் தம்பி சுந்தரம் கரண்டியால் சாப்பிட்டான். கேட்டதற்கு, "மலைக் குளிர்ல பழகிப்போச்சுக்கா" என்றான். வலது கை விரல்களில் தோல் வறண்டு வெடித்திருந்தது, நகங்கள் கறுத்திருந்தன. பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, அது குளிர் செய்த வேலை அல்ல என்று தெரியும். அவனும் இலங்கையில் ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இதே வேலையில்தான் இருக்கிறான். அவன் கப்பலேறிப் போனபின் எனக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் புறப்பட்டுவிட்டேன்.

தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால் ரயில் நிற்கும். பொல்காவலையில் மலை ரயிலுக்கு மாற வேண்டும். ஹட்டன் வருவதற்கு முன்பே சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் நடுங்கினேன். நானுஓயாவில் இறங்கி, நுவரெலியா வழியாக ராகலை போகும் சின்ன ரயிலைப் பிடித்தேன். ஏற்றத்தில் அது தயங்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். எதிரில் இருந்த கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா. நீங்க நின்னா ரயிலு வெரசாப் போயிருமா?" என்றார். இருபுறமும் தேயிலை மலைகள் அழகுதான். நான் பார்த்தது குறைவு.

ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. மறுநாள் காலை அது வந்ததும் சுந்தரம் விளக்கை அணைத்து, எக்ஸ்ரே குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே தன் வலது கையை நீட்டினான். திரையில் ஐந்து விரல் எலும்புகள் தெரிந்தன.

"ஐயா தன் கையைப் பாக்காட்டி அவருக்குப் பொழுது விடியாதுங்கம்மா" என்று வாசலில் சிரித்தாள் ஆயா கருப்பாயி.

"தினமுமாடா?"

"குழாய் பழசுக்கா. சரியா இருக்கான்னு வேற எப்படிப் பாக்கிறது?"

நான் பதில் சொல்வதற்குள், கொழுந்து பறிக்கும்போது சரிவில் விழுந்த மாரியாயியைத் தூக்கி வந்தார்கள். மேசை முழங்கால் உயரம்தான். சுந்தரம் இடுப்பை வளைத்து அவளைக் கிடத்தினான். அவள் கால் அசையாமலிருக்கத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு படம் எடுத்தான். பிலிம் பெட்டியை உருவும்போது அது விரல்களில் நிற்காமல் நழுவி விழுந்து திறந்துகொண்டது. வெளிச்சம் பட்டுப் படம் கெட்டுவிட்டது.

மாரியாயி வலியோடு தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நான் விழுந்தேன், எனக்கு இன்னைக்கு அரைப்பேரு. பொட்டியப் போட்டுட்டீங்க, ஒங்களுக்கும் அரைப்பேருதாங்க ஐயா!"

அரைப்பேர் என்றால் அங்கே பாதி நாள் கூலி. எல்லோரும் சிரித்தோம். சுந்தரமும் சிரித்துக்கொண்டே குனிந்து பெட்டியை எடுக்கப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எடுத்தான். பிறகு அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவது படத்துக்கு, தோலைச் சுடும் எக்ஸ்ரே கதிர் இனியும் படாமலிருக்க, அவனைச் சுவருக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். மாவுச் சாக்கில் மணல் நிரப்பிக் காலின் இருபுறமும் அணை கொடுத்தோம். கால் அசையவில்லை, படம் நன்றாக விழுந்தது. மாலையில் மரக்கட்டைகள் வைத்து மேசையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம். கடைத்தெருவில் ஒரு ஆட்டுக்கால் எலும்பு வாங்கி, வேகவைத்துச் சுத்தம் செய்து, நீளக் குச்சியில் கட்டினேன். காலையில் திரைக்குக் காட்ட அது போதும்.

"ஆட்டு எலும்பும் மனுஷன் எலும்பும் ஒண்ணாக்கா?"

"ஆடு செத்துருச்சுங்க ஐயா, அதுக்கு வலிக்காது" என்றாள் கருப்பாயி.

நான் அங்கே இருந்த நாள்வரை அவன் குச்சியைத்தான் நீட்டினான். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் முதலில் எழுந்தது வலது கைதான். என்னைப் பார்த்ததும் இறங்கியது. திரும்பும் ரயிலில் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. பார்க்க ஆள் இல்லாத காலையில் அது இறங்குமா? வெடித்த தோல் ஆறலாம், ஆறாமலும் போகலாம். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். அது அவனுக்கும் தெரியும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கம்பளி உடையும் குடையும் கொண்டு போங்கள். மத்தியானத்துக்குமேல் மழை வரும். முடிந்தால் ஆஸ்பத்திரியில் தலையைக் காட்டுங்கள். எக்ஸ்ரே அறைக் கதவருகே ஆணியில் குச்சி தொங்கும். தூசி படிந்திருந்தால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். "எலும்பு சௌக்கியம்" என்றுதான் அவன் எழுதுகிறான். எதற்கும் அவன் சாப்பிடும் வேளையில் போங்கள். கரண்டியா, கையா என்று பார்த்துச் சொல்லுங்கள்.