எடெல்மிரா அத்தையின் அடுப்பு

“இன்னைக்கும் சிவப்பு விளக்கா, கண்ணு?” என்று வேலிக்கு அப்பாலிருந்து எடெல்மிரா அத்தை கேட்டாள். எங்கள் தெருப் பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும், காற்றின் மாசை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

“சிவப்புதான், அத்தை. யாரும் விறகு அடுப்பு மூட்டக் கூடாது.”

“மொதல்ல அந்தத் திராட்சைத் தோட்டத்து எவாரிஸ்தோவப் போய்ப் புடி. வெட்டுன திராட்சைக் குச்சியெல்லாம் போட்டுக் கொளுத்துறான். ஊரே நாறுது.”

“உங்க கூரையிலயும் புகை வருதே?”

“இதுவா? இது சமையல் புகைடி. நேரா மேல போயிடும்.”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

சிலி நாட்டின் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூன் மாதம்தான் குளிர்காலம்; அது வந்தால் எதிரே இருக்கும் மலைத்தொடரே புகையில் காணாமல் போகும். ஆனாலும் அவரவர் வீட்டுப் புகை யாரையும் தொடுவதில்லை. அத்தை ஊர்ச் சங்கத் தலைவி. புகை எதிர்ப்புக் கூட்டத்தைத் தன் வீட்டில்தான் நடத்தினாள். வந்தவர்களுக்குக் குளிரக் கூடாதென்று, மழையில் நனைந்த யூகலிப்டஸ் விறகை அடுப்பில் திணித்தாள். எல்லோரும் கண்ணீர் விட்டபடி எவாரிஸ்தோவைக் கண்டித்தோம்.

அந்த மாதமே மருத்துவர் அவளிடம், “இன்னொரு குளிர்காலத்தை இந்த நெஞ்சு தாங்காது. அடுப்பை மாத்துங்க” என்று சொல்லிவிட்டார். அத்தை மிகவும் பயந்துபோனாள். சில நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அந்த மிஷின் நம்ம பக்கம் வந்ததுலேருந்துதான் கண்ணு எனக்கு இருமலே. அதக் கழட்டி எவாரிஸ்தோ வீட்டுப் பக்கம் மாட்டிடேன். ஒரு குளிருக்கு அவன் இருமட்டும்.”