ஆளில்லாத டாங்கி

அன்று மலேசியாவின் பிரிஞ்சாங் டவுன் காப்பிக்கடையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, தங்கையின் புருஷன், கல்லாவில் கடை முதலாளியான சீனத் தவுக்கே. நாலே பேர். கடை மூலையில் புதிதாக வந்து நின்ற விளையாட்டு மிசினையும் ஓர் ஆளாகச் சேர்ப்பதா என்பது எனக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எஸ்டேட்டில் சம்பளம் போட்ட மறுநாள், லோரி ஏறி டவுனுக்கு வந்திருந்தோம். இழுத்து வந்தவள் தங்கை. மாப்பிள்ளையும் நானும் மூன்று மாதமாகப் பேசுவதில்லை. காரணம் கேரம். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகள் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு. மேல் லயத்துக்காரன் கீழ் லயத்துக்காரனிடம் தோற்றால் ஆட்டம் பலகையோடு முடியாது. மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கேலி தொடரும். அவர் மேல் லயம், நான் கீழ் லயம். தெரியாத்தனமாக நான் ஜெயித்துவிட்டேன். நிறுவையில் யாரோ அவரைச் சீண்டப் போக, "இனி அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், என் பொண்டாட்டியும் மிதிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டார்.

தங்கைக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு அனுப்புவாரா மாட்டாரா என்று நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போயிருந்தது.

"அண்ணே, ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா காப்பிதான் ஆறும். போயி அந்த மிசின்ல ஆடுங்களேன்."

"உங்கண்ணனோடயா? அப்புறம் ஜெயிச்சிட்டேன்னு லயம் பூரா தண்டோரா போடுவாரு," என்றார் மாப்பிள்ளை, அவளைப் பார்த்தே.

எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் பிடித்துக்கொண்டவர் தவுக்கே. "சண்ட வேணாம்லா! நீங்க ரெண்டு பேரு ஒரே பக்கம். எதிர்ப் பக்கம் மிசின் தானே ஓட்டும்," என்றார்.

என்னிடம் சில்லறை இல்லை. மாப்பிள்ளை தனக்கொரு இருபது காசு போட்டு, எனக்கும் ஒன்று போட்டார். "உங்கண்ணன கணக்கு வச்சிக்கச் சொல்லு."

திரையில் பச்சையும் மஞ்சளுமாக எங்கள் டாங்கிகள். எதிரே சிவப்பு டாங்கிகள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். தொட்டால் ஷாக் அடிக்குமோ, உடைந்தால் யார் கட்டுவது என்று ஒவ்வொரு பொத்தானையும் பயந்து பயந்து அமுக்கினேன். ஆனால் சிவப்பு டாங்கியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சுவருக்குப் பின்னால் ஒளிந்தால் அது கொஞ்சம் நின்றது, பிறகு சுற்றிக்கொண்டு வந்தது. நின்ற நேரத்தில் என்ன யோசித்திருக்கும்? எட்டி மிசினுக்குப் பின்னால் பார்த்தேன். ஒயரும் தூசியும்தான்.

"உள்ள யாரு தவுக்கே ஓட்டுறா?"

"ஆள் இல்லலா. கம்ப்யூட்டர்."

அப்போது ஒரு சிவப்பு டாங்கி இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு திணறியது. சுட்டிருந்தால் முடிந்திருக்கும். மாப்பிள்ளை பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். திருவிழாக் கம்பு விளையாட்டில் விழுந்தவனை அடிக்கக் கூடாது, எழுந்து கம்பைப் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை.

"எந்திரிக்கட்டும் மச்சான்."

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. நான் பதில் சொல்வதற்குள் சிவப்பு டாங்கி பின்வாங்கித் திரும்பி அவரைச் சுட்டுப் பொசுக்கியது.

"அடப்பாவி! மொற தெரியாத பயலே!" என்று திரைக் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்.

கோபம் இனி என் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தேன். தங்கையும் காப்பியை வைத்துவிட்டுப் பார்த்தாள். அவர் மிசினையே முறைத்துக்கொண்டு நின்றார். அது சிரிக்கவில்லை. நாளைக்கு நிறுவைக்கு வந்து கேலி பேசவும் போவதில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான், இவன் எந்த லயம்?"

"ரெண்டு லயத்துலயும் சேக்க மாட்டாங்க மாப்ள," என்றேன்.

லோரி ஹாரன் அடிக்கும்வரை, மாப்பிள்ளை காசிலேயே எட்டு ஆட்டம் ஆடினோம். எல்லாவற்றிலும் தோற்றோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றோம்.

இப்போதெல்லாம் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒன்றுகூடிச் சுட்டு விளையாடுகிறார்களாம். ஆள் குறைந்தால் கணினி ஓட்டும் எதிரிகளை இறக்குவார்களாம். மனிதனை ஜெயிப்பதுபோல் வருமா என்று சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வராதுதான். மனிதனை ஜெயித்து நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. அந்த டாங்கிக்கு அன்று எங்கள் சங்கதி எதுவும் தெரியாது. தெரியாமலேயே எப்படி அவ்வளவு செய்தது என்றுதான் இன்றும் யோசிக்கிறேன்.

லோரியில் திரும்பும்போது மாப்பிள்ளை தங்கையிடம், "அடுத்த வாரம் துணிமணி எடுத்து வையி, அம்மா வீட்டுல கொண்டு போயி விடுறேன்," என்றார். சொன்னபடி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்கு வந்தார், வாசப்படி மிதித்து உள்ளேயும் வந்தார்.

என் பங்கு ஆட்டக் காசை அவர் வீட்டுக்கு வந்த அன்றே நீட்டினேன். வாங்கவில்லை. "மிசின ஜெயிச்சிட்டுக் குடுங்க மச்சான்," என்றார். அதற்குப் பிறகும் பல ஞாயிறு போய் ஆடினோம், என் காசை நானே போட்டேன். ஜெயிக்கத்தான் முடியவில்லை. ஒருநாள் தவுக்கே அந்த மிசினை எடுத்துவிட்டார்.

அன்றைய எட்டு ஆட்டத்துக்கு நான் மாப்பிள்ளைக்குத் தர வேண்டியது, இன்னும் ஒரு வெள்ளி அறுபது காசு.