சித்தி தூங்கும் அறையின் ஸ்க்ரீன்

எங்கள் வீட்டில் திரைச்சீலை என்று யாரும் சொன்னதில்லை. ஸ்க்ரீன்தான். ஜோகுபாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் கூடம், உள்ளறை என்று இரண்டே அறைகள். நடுவில் நிலை இருந்தது, கதவு இல்லை. கதவு பார்க்க வேண்டிய வேலையை ஸ்க்ரீன்தான் பார்த்தது. அடர்நீலத் துணி, அதன் பின்னால் அம்மா தன் கையாலேயே தைத்துச் சேர்த்த கறுப்புத் துணி. உள்ளறை ஜன்னலிலும் அதேதான். பட்டப்பகலில் உள்ளே போனால் கை எது கால் எது என்று தெரியாது.

எல்லாம் சித்திக்காக. அம்மாவின் தங்கை, வாணியம்பாடியிலிருந்து வேலைக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்கிற கம்பெனி. நாங்கள் சாப்பிட்டுப் பாய் விரிக்கும்போது அவள் கிளம்புவாள். காலையில் நான் பல் தேய்க்கிற நேரத்துக்குக் கம்பெனி வண்டி அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு அம்மா காவல். எங்கள் வீட்டுக் குக்கர்கூட அம்மாவுக்குப் பயந்துதான் விசில் அடிக்கும்.

அப்போது மெயின் ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணில் பாதி எங்கள் ஸ்க்ரீனில் வந்து உட்காரும். லாண்டரிக்குப் போடலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா காதிலேயே வாங்கவில்லை. அவன் வெந்நீரில் முக்கிக் கறுப்புத் துணியைச் சுருக்கிவிட்டால் சித்தி முகத்தில் வெயில் அடிக்கும், அதற்கு அவனா பொறுப்பு என்று கேட்டாள்.

ஸ்க்ரீன் துவைக்க அம்மாவுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. சித்தி லீவில் இருக்கும் நாளில் மட்டும்தான் கழற்ற வேண்டும். முதலில் வாசலில் உதற வேண்டும். வளையங்களை ஒன்றாகச் சேர்த்துப் பழைய சாக்ஸுக்குள் விட்டுக் கட்ட வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டு ஊற வைத்தால் நீலம் இறங்காது. பிரஷ் கூடாது, காலால் மிதிக்க வேண்டும். அது என் வேலை. பிழியவே கூடாது. குழாய் மேல் போட்டுத் தண்ணீரை வடியவிட்டு, ஈரத்தோடு கம்பியிலேயே மாட்டிவிட வேண்டும். துணியின் கனத்திலேயே சுருக்கம் போய்விடும். மண் பிடித்த ஸ்க்ரீனை முக்கினால் முதல் தண்ணீர் புளிக்கரைசல் மாதிரி வரும். அதைக் காட்டி, இதையெல்லாம் அவள் மூச்சில் இழுத்திருப்பாளே என்று அம்மா புலம்புவாள்.

அந்த வருஷம் ஆவணியில் சித்திக்கு ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஹார்டுவேர் கடை. ஊரில் தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, பெண் வேலையை விட்டுவிட வேண்டும். சித்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இப்போதுதான் வேலை பிடிபட்டு வருகிறது, இதை விட்டால் நான் செத்த மாதிரி, அப்பாவிடம் நீ பேசு அக்கா என்றாள். அம்மா பேசினாள். போனை வைத்துவிட்டு அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது, தாத்தா மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடித்து உட்கார வைத்த பெண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, சாதாரண நாளில் வீடு எப்படிக் கிடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதனால் முதல் நாளே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், கோயிலுக்கு வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்தோம் என்று திடுதிப்பென நுழைவார்கள். பெண் வீட்டாருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி வீட்டைத் துடைத்து, பெண்ணுக்குப் பூ வைத்து, கையில் ஒரு முறத்தையும் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அப்பா ஆபீஸ் போயிருந்தார். சித்தி வந்து, இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வரன் சொன்ன உறவுக்கார அம்மாள் போன் செய்தாள். அம்மா உம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு நிலையருகே போய் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"ஸ்டூலை எடுத்துட்டு வா. ஸ்க்ரீன் துவைக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி தூங்குகிறாளே! போதாததற்கு, போன வாரம்தான் துவைத்து மாட்டியிருந்தோம். அதைச் சொன்னேன். அழுக்காக இருக்கிறது என்றாள் அம்மா. மழை வருகிற மாதிரி இருக்கிறதே என்றேன். வரட்டும் என்றாள். தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்கும்போது மட்டும் அவளுக்கு வருகிற முகம் அது. அதற்கு மேல் வாயைத் திறக்க எனக்கென்ன பைத்தியமா?

நிலையிலிருந்த ஸ்க்ரீனும் இறங்கியது, ஜன்னலில் இருந்ததும் இறங்கியது. உள்ளறை முழுக்க வெளிச்சம். சித்தி கம்பெனியில் கொடுத்த பழைய டீ ஷர்ட்டில், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டை வேறு. அம்மா ஒரு கறுப்புத் துப்பட்டாவை மடித்து அவள் கண்மேல் பூப்போல வைத்துவிட்டு வந்தாள்.

பின்கட்டில் நான் மிதித்தேன், அப்படி மிதித்தேன். முடிந்ததும் கம்பியிலேயே மாட்டிவிடலாமா என்று கேட்டேன். இன்றைக்கு வேண்டாம், கொடியில் கிடக்கட்டும் என்றாள். வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் கால் வலியில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கொடியில் போட்ட கையோடு வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும். கோயிலுக்கு வந்தார்களாம். அம்மா அவர்களைக் கூடத்தில், நிலைக்கு நேர் எதிராக இருந்த நாற்காலிகளில் உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள். அவர்கள் காபியைப் பார்க்கவில்லை, சித்தியின் காலைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கா. ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வந்தா. சாயங்காலம்தான் எழுந்திருப்பா."

"கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படியேதானா?"

"வேலைக்குப் போறவ தூங்கணும் இல்லீங்களா" என்றாள் அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

உள்ளேயிருந்து குறட்டை பதில் சொன்னது. அவர்கள் காபியை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

மத்தியானம் தாத்தா போன் செய்தார். அவர் கத்தியது கூடம் வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரப் போவதில்லை. அம்மா ரொம்பப் பணிவாக, ஆமாம்ப்பா, தப்புதான்ப்பா, ஸ்க்ரீன் துவைக்கிற நாளாகப் பார்த்து வந்துவிட்டார்களே, நான் என்ன செய்வேன் என்றாள். எனக்கு அம்மாவை நினைத்து அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆகிவிட்டதே! தாத்தா இப்படியா திட்டுவார்!

சாயங்காலம் சித்தி எழுந்து, வெறும் நிலையைப் பார்த்துத் திகைத்து, அடுப்படிக்கு வந்தாள். அம்மா மெதுவாக ஏதோ சொன்னாள். சித்தி அம்மாவின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவும் சிரித்தாள். வரன் தட்டிப் போன வீட்டில் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சித்தி இன்றைக்கு அதே கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். தொம்மலூரில் சொந்தமாக ஃபிளாட். அவள் கல்யாணமும் பிறகு நல்லபடியாக நடந்தது, வேலையை விடச் சொல்லாத ஒருவரோடு. அங்கே போகும்போதெல்லாம் அம்மா முதலில் ஸ்க்ரீனைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

அன்று ராத்திரி அப்பாவிடம் நான் பெருமையடித்துக்கொண்டது மட்டும் இன்னும் ஞாபகமிருக்கிறது. இந்தத் தடவை நான் எவ்வளவு நன்றாக மிதித்தேன் தெரியுமா என்றேன். முதல் தண்ணீரே குடிக்கிற தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது என்றேன். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.