எங்கட மனுசன் ஒபேராவில பாடின ஒரு வரி

கார்னேசன் பூவில மாலை கட்டியிருக்கிறியளோ? கை முழுக்கக் கராம்பு மணக்கும்... சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது.

அண்டைக்கு ஞாயிறு பூசை முழுக்க அந்த மணத்தோடதான் இருந்தன். மாதாவே, இண்டைக்கு இவரை ஒரு இடத்திலயும் தடக்காமல் பாட வையம்மா... அது ஒண்டுதான் மன்றாட்டு.

அப்ப ரொக்ஸ்பரோவில இருந்தனாங்கள். சின்னவள் ஆறாம் வகுப்பு. மனுசனுக்கு டோர்வல் எயாப்போட்டில சூட்கேஸ் ஏத்திற வேலை. பிளேன் இரைச்சலில நாள் முழுக்க வாயே திறக்கிறேல்லயாம். திறந்தாலும் ஆருக்குக் கேக்கும்? ஆனா கோயில் பாட்டுக்கு நிண்டா சுவர் அதிரும். அதைக் கேட்டுத்தான் கோயிலில ஓர்கன் வாசிக்கிற பிரெஞ்சு மனுசி, மடம் குளோடெத், இவரைப் பிடிச்சா. ஒரு ஒபேராக் கொம்பனி இருக்கு, பாட ஆம்பிளையள் காணாது, வா எண்டு.

வந்து சொல்லுறார், "இஞ்சரும், நான் ஒபேராவில பாடப்போறன்."

எனக்குக் கேட்டது ஒப்பாரி எண்டு!

"ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?" எண்டு நெஞ்சில கையை வைச்சிட்டன். சின்னவள் சோபாவில உருண்டு சிரிக்கிறாள்.

பேந்து அவள்தான் விளங்கப்படுத்தினாள். ஒபேரா எண்டா தண்ணி கேக்கிறதையும் பாட்டாத்தான் கேப்பினமாம். சரி, எங்கட மன்னார்ப் பக்கத்துக் கூத்து மாதிரியாக்கும் எண்டு நினைச்சன். ரெண்டு கிழமை கழிச்சு அவளே வந்து, "இல்லையம்மா, இது ஒபேரா இல்ல. மியூசிக்கல். பழைய அமெரிக்கன் மியூசிக்கல்" எண்டாள்.

"அப்ப ஏனடி ஒபேராக் கொம்பனி அதைச் செய்யுது?"

"சும்மா இரும்மா... இந்த வருசம் அதைத்தான் செய்யினம்."

மடம் குளோடெத்திட்டயும் கேட்டன். அவ ரெண்டு கையையும் விரிச்சு பிரெஞ்சில நீளமா ஏதோ சொன்னா. நான் "வுய், வுய்" எண்டன். இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கேல்ல.

இவருக்குப் பண்ணைக்காரன் வேசம். பெரிய தொப்பி, தோல் சப்பாத்து. கும்பலோட நிண்டு பாடுற ஆள்தான்... ஆனா ஒரு இடத்தில எல்லாரும் நிப்பாட்ட, இவர் முன்னுக்கு வந்து தனிய ஒரு வரி பாடோணும்.

ஒரே ஒரு வரி. அதுக்கு மூண்டு மாசம் பழகினார். வீட்டில பாடமாட்டார், பிள்ளையள் தன்ர இங்கிலீசுக்குச் சிரிக்குங்கள் எண்டு. காருக்க, கண்ணாடியெல்லாம் பூட்டிப்போட்டு.

"எனக்கொருக்காப் பாடிக் காட்டுங்கோவன்."

"நீர் மேடையில கேளும். உமக்குக் கேக்கோணும் எண்டுதான் நான் போறதே."

இப்பிடியெல்லாம் கதைக்கிற ஆளே இல்லை அவர். நான் குசினிக்குள்ள போய் நிண்டு கண்ணைத் துடைச்சன்.

பூசை முடிய அப்பிடியே டொலார்ட் பக்கம் ஹோலுக்குப் போனம். மூண்டாவது வரிசை. மேடையில இங்கிலீசில பாடினம், மேல ஒரு பலகையில பிரெஞ்சில எழுத்து ஓடுது. நான் நடுவில முழிச்சுக்கொண்டிருக்கிறன். கதாநாயகிப் பெட்டையின்ர தேப்பன் எண்டு நான் நினைச்ச ஆள் வந்து அவளை வாயில கொஞ்சினான்... யேசுவே எண்டு சிலுவை போட்டிட்டன். பேந்து பாத்தா அவன்தானாம் மாப்பிள்ளை.

கடைசியில கலியாணக் காட்சி. எல்லாரும் ஆடினம், பாடினம்... டக்கெண்டு நிண்டினம். எங்கட மனுசன் முன்னுக்கு வாறார்.

இஞ்சதான் பிழைச்சது. எங்கட ஊர்க் கூத்தில, எங்கட ஆள் முன்னுக்கு வந்து நிண்டா வீட்டுக்காரர் மாலையோட மேடையில ஏறோணும். ஏறாட்டி அவருக்கு ஆக்களில்லை எண்டு அர்த்தம். மாலை விழுமட்டும் பாட்டு நிக்கும். நான் நினைச்சன் இவையும் நிப்பினம் எண்டு.

மாலையை எடுத்துக்கொண்டு எழும்பினன். சின்னவள் என்ர கோட்டைப் பிடிச்சு இழுக்கிறாள், "அம்மா, நோ! அம்மா!" மேடைக் கரையில மூண்டு படி. ஏறிட்டன்.

போட்டா, மாலை தொப்பியில மாட்டிப்போட்டுது. நான் இழுக்க இழுக்க ஹோல் முழுக்கக் கொல்லெண்டு சிரிக்குது. கலியாணக் காட்சிதானே, கதையில வாறது எண்டு நினைச்சுப்போட்டினம். மேளக்காரருக்குத் தடி ஆட்டுறவர் நிப்பாட்டவே இல்லை. கறுப்பு உடுப்போட ஒரு பெட்டை திரைக்குப் பின்னால இருந்து ஓடி வந்து என்ர முழங்கையைப் பிடிச்சாள். "மடம், மடம், பார் இசி..." இஞ்சால வரட்டாம். ஒரே இருட்டு. கயிறு காலில தடக்குது. அவள் காதுக்க குசுகுசுக்கிறாள்.

திரும்பிப் பாக்க, மனுசன் வாயை மூடுறார்.

சனம் கை தட்டுது.

முடிஞ்ச பிறகு கொம்பனிக்காரர் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுச் சிரிச்சினம். நல்லதெண்டு சிரிச்சவையோ, நக்கலோ தெரியாது. சின்னவள் பாத்ரூமுக்க அழுகிறாள். நான் செய்தது மரியாதையோ, மானக்கேடோ... எனக்கே பிடிபடேல்ல.

காருக்க மனுசன் கழுத்தில கிடந்த மாலையைக் கழட்டேல்ல. அதுக்கு மேலாலயே சீற் பெல்ட்டைப் போட்டார். பேந்து ரோட்டைப் பாத்தபடி,

"கேட்டதோ?"

"ஓம்... நல்ல வடிவாக் கேட்டது."

காலமை பூசையில நன்மை அப்பம் வாங்கின நாக்காலயே பொய் சொல்லிப்போட்டன். பாவசங்கீர்த்தனத்தில கோயில் சாமியாரிட்டச் சொல்ல, அவர் சிரிச்சுப்போட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். அவருக்கு அது சின்னப் பாவம்.

இப்ப சின்னவளின்ர பிள்ளை பள்ளிக்கூடத்தில பாடுது எண்டா, ஹோல் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடிக்கினம். ஒருக்காத் தவறினாலும் பத்துத்தரம் போட்டுக் கேக்கலாம். அண்டைக்கு ஒருத்தரும் எடுக்கேல்ல. அந்த வரி ஒரு இடத்திலயும் இல்லை.

மனுசன் இப்ப வேலையால நிண்டிட்டார். நாள் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும்தான். "அதை ஒருக்காப் பாடுங்கோவன்" எண்டு வாய்மட்டும் வரும். கேட்டா, அண்டைக்கு எனக்குக் கேக்கேல்ல எண்டது பிடிபட்டிடும்.

நான் இதை எழுதிற இந்தப் பக்கமெல்லாம் அவர் வாசிக்கிறேல்ல... அதாலதான் உங்களுக்குச் சொல்லுறன்.

நேற்றும் தேத்தண்ணி குடுக்கேக்க கேப்பம் எண்டுதான் போனனான். "சீனி காணுமோ?" எண்டு கேட்டிட்டு வந்திட்டன்.